அப்பா யாருடைய கணக்கில்? – அவசர மருத்துவத்தின் தரத்தை அளப்பது பற்றி ஒரு குறிப்பு

என் மேசை இழுப்பறையில் 11 பக்க ஜெராக்ஸ் கட்டு ஒன்று கிடக்கிறது. 2022 நவம்பரில் ஒரு ராத்திரி அப்பாவைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் கேஸ் ஷீட். இன்ஷூரன்ஸுக்காக வாங்கினது. இன்ஷூரன்ஸ் வேலை முடிந்தும் தூக்கிப்போட மனசு வரவில்லை. இந்தப் பகுதியில்தான் அந்த மருத்துவமனை. பெயர் வேண்டாம், இந்தக் குறிப்புக்கு அது தேவையும் இல்லை.

அதில் ஏழாவது பக்கம் ஒரு அட்டவணை. ராத்திரி 11.30, 1.30, 3.30, விடியற்காலை 5.30 என்று நாலு வரிசை. நாடித் துடிப்பு ஒவ்வொரு வரிசையிலும் வேறு வேறு எண். ரத்த அழுத்தமும் அப்படியே. ஆக்சிஜன் அளவு மெல்ல இறங்குகிறது. மூச்சு எண்ணிக்கை மட்டும் 20, 20, 20, 20.

71 வயசு மனுஷன், நிமோனியா, படுக்க முடியாமல் உட்கார்ந்தே ராத்திரியைக் கழித்தவர். அவருடைய மூச்சு மட்டும் ஆறு மணி நேரம் கடிகாரம் மாதிரி மாறாமல் ஓடியிருக்கிறது. சென்சாரிலிருந்து ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் எங்கள் ஆபீஸில் முதலில் கேட்கும் கேள்வி, "ஒயர் கழண்டிருக்கா?" என்பதுதான்.

என் தங்கை அப்போது கோயம்புத்தூரில் இருந்தாள். அவளுக்குக் காட்டுவதற்காக 1.50 மணிக்கு அப்பாவைப் போனில் 40 விநாடி வீடியோ எடுத்திருந்தேன். நாலு மாதம் கழித்து அதை ஓடவிட்டு நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். அரை நிமிடத்துக்கு 14. அதாவது நிமிடத்துக்கு 28. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன், அதே 28தான்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய ஒரு எச்சரிக்கை மதிப்பெண் முறை இருக்கிறது. நியூஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, சுயநினைவு, காய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, வெளியிலிருந்து ஆக்சிஜன் வைத்திருந்தால் கூட 2. மொத்தம் 5 வந்தால் டாக்டர் அவசரமாக வந்து பார்க்கணும். 7 வந்தால் தீவிர சிகிச்சை தெரிந்த குழுவே ஓடி வரணும்.

அப்பாவின் 1.30 மணி வரிசையை இதில் போட்டால்: ஆக்சிஜன் 93, அதற்கு 2 புள்ளி. நாடி 112, அதற்கும் 2. ரத்த அழுத்தம் 118, காய்ச்சல் 99.6, நினைவு நன்றாக இருந்தது, இவற்றுக்கெல்லாம் பூஜ்யம். மூச்சு 20 என்றால் அதுவும் பூஜ்யம். மொத்தம் 4. யாரையும் எழுப்ப வேண்டாம். மூச்சு 28 என்று எழுதியிருந்தால் அந்த ஒரு எண்ணுக்கே 3. மொத்தம் 7.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 28 என்று எழுதியிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்த மருத்துவமனையில் நியூஸ் முறையே கிடையாது. நான் பேசுவது அளப்பதைப் பற்றி மட்டும்.

மீதிக் கதையையும் சொல்கிறேன். காலை 6.15க்கு "பெங்களூர் கொண்டு போயிடுங்க" என்றார்கள். கேஸ் ஷீட்டின் கடைசி வரி: நிலை சீராக உள்ளது, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை. அத்திப்பள்ளி டோல்கேட் தாண்டி, அந்த நேரத்து டிராஃபிக்கில் ஊர்ந்து, 8.10க்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கையில் கிடைத்த எல்லாவற்றையும் செய்தார்கள். 11.50க்கு அப்பா போய்விட்டார்.

இப்போது கேள்வி: அப்பா யாருடைய கணக்கில் செத்தார்? முதல் மருத்துவமனையின் அந்த மாதத்து ரிப்போர்ட்டில் அவர் ஒரு ரெஃபரல். உயிரோடு, சீரான நிலையில் வெளியே போனவர். இரண்டாவது மருத்துவமனையின் ரிப்போர்ட்டில் அவர் ஒரு மரணம், அதுவும் வந்து நாலு மணி நேரத்துக்குள். அதிகமாகப் பாடுபட்டவர்களின் பெயரில் கறுப்புப் புள்ளி. தமிழ்நாட்டின் எந்த மருத்துவமனைக் கணக்கிலும் அந்த மரணம் இல்லை.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இரண்டு வருஷமாக ராத்திரி சாப்பிட்ட பிறகு, மருத்துவமனைத் தரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்து வண்டிகளுக்கான சாஃப்ட்வேர் எழுதுகிறவன். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

முதலில் நம் நாட்டில் இருப்பதைப் பார்ப்போம். அரசு மருத்துவமனைகளுக்கு மத்திய அரசின் தேசியத் தர உறுதி முறை இருக்கிறது. எல்லோரும் என்.க்யூ.ஏ.எஸ் என்பார்கள். தலைமை மருத்துவமனை வாசலில் "தேசியத் தரச் சான்று பெற்றது" என்று போர்டு பார்த்திருப்பீர்கள், அது இதுதான். சேவை வழங்கல், நோயாளி உரிமை, உள்ளீடுகள், துணைச் சேவைகள், மருத்துவக் கவனிப்பு, தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, விளைவு என்று 8 பகுதிகள். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி செக்லிஸ்ட், அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். 70 சதவீதம் எடுத்தால் சான்று. மதிப்பிட வருபவர் நேரில் பார்க்கலாம், ஊழியரிடம் கேட்கலாம், பதிவேட்டைப் புரட்டலாம், நோயாளியிடமும் பேசலாம்.

அவசரப் பிரிவு செக்லிஸ்ட்டை வரி வரியாகப் படித்தேன். நல்ல ஆவணம் என்பதை மனசாரச் சொல்கிறேன். எங்கள் துறையில் இவ்வளவு பொறுமையாக எழுதிய தேவை ஆவணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஸ்ட்ரெச்சர் உள்ளே வர வழி, அவசர மருந்துத் தட்டு, கை கழுவும் இடம், பெண் நோயாளிக்கு மறைப்பு, ஒன்றையும் விடவில்லை. இது இல்லாத காலத்தில் கேஷுவல்டி எப்படி இருந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

என் குறை இரண்டு. எல்லாக் கேள்விக்கும் ஒரே எடை என்பது முதலாவது. உட்கார நாற்காலிக்கும் 2, உயிர் மீட்கும் கருவி தயாராக இருப்பதற்கும் 2. எங்கள் பக்ஷீட்டில் பட்டன் கலர் தப்பு என்பதையும் பிரேக் வேலை செய்யவில்லை என்பதையும் ஒரே தட்டில் வைத்து, "100க்கு 70 சரியாகிவிட்டது, ரிலீஸ் பண்ணலாம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பகுதிவாரியாகவும் குறைந்தபட்ச மதிப்பெண் வைத்திருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். பகுதிக்குள்ளே அதே பிரச்சினைதான்.

இரண்டாவது, எனக்கு இதைவிட முக்கியமானது. செக்லிஸ்ட் பெரும்பாலும் "இருக்கிறதா?" என்று கேட்கிறது. "நடந்ததா?" என்று கேட்பது குறைவு. நோயாளியின் அடிப்படை அளவுகளைக் குறிக்கும் படிவம் இருக்கிறதா? இருக்கிறது. நிரப்பியிருக்கிறார்களா? நிரப்பியிருக்கிறார்கள். அப்பாவின் ஏழாவது பக்கத்தை ஒரு மதிப்பீட்டாளரிடம் கொடுத்தால் 2க்கு 2 போடுவார். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. நாலு 20ம் அழகான கையெழுத்தில் இருக்கின்றன.

விளைவுப் பகுதியில் இறப்பு விகிதம், ரெஃபரல் விகிதம், சொல்லாமல் போனவர்கள் விகிதம் போன்றவை வருகின்றன. அங்கேயும் முதல் மதிப்பெண் மாதாமாதம் அளக்கிறீர்களா என்பதற்குத்தான். அளந்த எண்ணைப் பக்கத்து ஊர் மருத்துவமனையின் எண்ணோடு ஒப்பிடலாமா, எப்படி ஒப்பிடுவது என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய வேலை அதனுடையது இல்லை என்றும் வாதிடலாம். ஆனால் போர்டைப் பார்க்கிற ஜனங்கள் ஒப்பிடத்தான் செய்வார்கள்.

"அப்போ நேரா இறப்பு விகிதத்தையே பார்த்துடலாமே, எந்த ஆஸ்பத்திரியில கம்மியோ அங்க போயிடலாம்" என்று என் நண்பர் ஒருவர் டீக்கடையில் சொன்னார். 160 வருஷமாக எல்லோரும் சொல்வது இது. 1863இல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைகளைப் பற்றிய தன் புத்தகத்தில் ஓர் அட்டவணை போட்டார். லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு 90.84 சதவீதம்! பத்தில் ஒன்பது பேர் செத்தார்களா? இல்லை. வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரின் கணக்கு அது. ஒரு வருஷத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையை, 1861 ஏப்ரல் 8 என்ற ஒரே நாளில் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டார்கள். மேலே 3,828, கீழே 4,214. வருஷம் முழுக்க வந்து குணமாகிப் போனவர்கள் கீழே வரவே இல்லை. லண்டன் டாக்டர்கள் கொதித்துப்போனதில் ஆச்சரியமில்லை. நைட்டிங்கேல் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இதனால் குறையவில்லை. ஒப்பிடணும் என்று அழுத்திச் சொன்னவர் அவர். வகுக்கும் எண்ணில் வழுக்கிவிட்டார், அவ்வளவுதான்.

வகுக்கும் எண்ணைச் சரிசெய்தாலும் பிரச்சினை தீராது. சூளகிரிக்காரர்களுக்கு இதைக் கொத்தமல்லியை வைத்தே சொல்லலாம். மண்டியில் கொத்தமல்லி கட்டுக் கணக்கில் போகும். "இன்னிக்கு எத்தனை கட்டு?" என்றுதான் கேட்பார்கள். ஒரு கட்டு எவ்வளவு பெரிசு என்பது கட்டினவர் கையைப் பொறுத்தது. அப்பா கட்டுவது கொஞ்சம் பெரிசாக இருக்கும், அம்மா அதற்காகத் திட்டுவார். கட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டு தோட்டத்தை ஒப்பிட்டால் அப்பா எப்போதுமே தோற்றுப்போவார்.

மருத்துவமனையும் அதே கதைதான். ஒரு கற்பனை உதாரணம், வெறும் கணக்குக்காக. முதல் மருத்துவமனைக்கு 900 லேசான நோயாளிகள், 100 கடுமையானவர்கள். லேசானவர்களில் 9 பேர், கடுமையானவர்களில் 20 பேர் இறக்கிறார்கள். மொத்தம் 1,000க்கு 29, அதாவது 2.9 சதவீதம். இரண்டாவதற்கு 400 லேசானவர்கள், 600 கடுமையானவர்கள். இறந்தவர்கள் லேசானதில் 2, கடுமையானதில் 90. மொத்தம் 92, அதாவது 9.2 சதவீதம். பார்த்தால் இரண்டாவது மூன்று மடங்கு மோசம். பிரித்துப் பாருங்கள்: லேசான நோய்க்கு முதலாவதில் 1 சதவீதம், இரண்டாவதில் 0.5. கடுமையான நோய்க்கு முதலாவதில் 20, இரண்டாவதில் 15. இரண்டு வகையிலும் இரண்டாவதுதான் சிறந்தது. நோயாளியைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறவன் ஜெயிக்கிறான், கதவைத் திறந்து வைத்திருக்கிறவன் தோற்கிறான்.

இதற்காக வயசு, நோய், கூட இருக்கும் மற்ற நோய்கள் எல்லாவற்றையும் வைத்து "இவ்வளவு பேர் இறந்திருக்கலாம்" என்று ஒரு எதிர்பார்ப்பைக் கணக்கிட்டு, நடந்ததை அதனால் வகுப்பார்கள். இங்கிலாந்தில் பிரையன் ஜார்மன் உருவாக்கிய விகிதம் இதற்குப் பேர்போனது. ஸ்டாஃபோர்ட் மருத்துவமனைக்கு 2007இல் அது 127 என்று வந்தது. சராசரி 100. நிர்வாகம் என்ன சொன்னது? எங்கள் நோய்க் குறியீடு போடுவதில்தான் கோளாறு, கவனிப்பில் கோளாறு இல்லை. குறியீட்டைத் திருத்த ஆள் போட்டார்கள். பிறகு 2009இல் விசாரணை அறிக்கை, 2013இல் ராபர்ட் ஃபிரான்சிஸ் அறிக்கை என்று வந்தபோது வார்டுகளில் நடந்தது என்ன என்று உலகத்துக்கே தெரிந்தது. அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை நோயின் கடுமை பார்த்துப் பிரிக்கும் வேலையை வரவேற்பு ஊழியர்கள் செய்த நேரங்கள்கூட அங்கே உண்டு.

அந்த விகிதம் துல்லியமானது இல்லை, அதை வைத்து மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவது தப்பு என்று வாதிடும் புள்ளியியலாளர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த மணி அடித்தது. அடித்தபோது போய்ப் பார்க்காமல் மணியை ரிப்பேர் பண்ணினார்கள். மானிட்டரிங் அலர்ட் வந்தால் முதலில் அலர்ட்டை ம்யூட் பண்ணும் டீம்களில் நானும் இருந்திருக்கிறேன்.

நம்மூர் அளவுக்கு இறங்கி வந்தால் இன்னொரு தொல்லை, எண்ணிக்கை சிறிசு. மாசத்துக்கு 50 பேர் அவசரமாகச் சேரும் மெடிக்கல் வார்டு, 4 சதவீதம் இறப்பு என்று வைத்தால் மாசத்துக்கு 2 பேர். தரம் கொஞ்சம்கூட மாறாமல் வெறும் தற்செயலாகவே ஏழு மாசத்துக்கு ஒரு மாசம் யாருமே இறக்க மாட்டார்கள். பத்தொன்பது மாசத்துக்கு ஒரு மாசம் 5 பேரோ அதற்கு மேலோ இறப்பார்கள். பாய்சான் கணக்கு, யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். பூஜ்யம் வந்த மாசம் பாராட்டு, ஐந்து வந்த மாசம் மெமோ என்றால் பகடை போட்டுச் சம்பளம் கொடுப்பது மாதிரி. ஸ்பீகல்ஹால்டர் 2005இல் எழுதிய புனல் வரைபடக் கட்டுரை இதற்காகவே எழுதப்பட்டது. சிறிய மருத்துவமனை எவ்வளவு தூரம் ஆடலாம், பெரியது எவ்வளவு ஆடலாம் என்று புனல் மாதிரி இரண்டு கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே விழுந்தால் மட்டும் கேள்வி கேட்பது. முதல் ரேங்க், கடைசி ரேங்க் என்ற பேச்சே கிடையாது.

சரி, இதெல்லாம் செய்தாலும் அப்பா எங்கே வருகிறார்? வரமாட்டார். இங்கேதான் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக்கே உரிய சிக்கல்.

சூளகிரியிலிருந்து கிழக்கே போனால் கிருஷ்ணகிரி, மேற்கே போனால் ஓசூர், இரண்டுக்கும் நாம் நடுவில். கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி, ஓசூரில் அரசு மருத்துவமனை, நெடுஞ்சாலை நெடுக தனியார். ஓசூர் தாண்டினால் கர்நாடகம். கொஞ்சம் முடியாமல் போனால் இங்கே எல்லோர் வாயிலும் வரும் வார்த்தை பெங்களூர். எல்லை தாண்டிய நோயாளி தமிழ்நாட்டின் எந்தப் பதிவேட்டிலும் முடிவு எழுதப்படாமல் நின்றுவிடுகிறார். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்கள் காய்ச்சலோடு ரயிலேறி ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கும் முடிவு கிடையாது.

இதோடு நம்மிடம் இன்னொரு வழக்கம் சேர்கிறது. "இனி ஒண்ணும் இல்லைங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றதும் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய்விடுவோம். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறினார் என்று பதிவாகும், வார்டில் லாமா என்பார்கள். உயிர் வீட்டில் போகணும் என்பது நம் ஜனங்களுக்கு நியாயமான ஆசை. அதில் தப்பு சொல்ல நான் யார். ஆனால் கணக்கில் அது மரணமாக வராது. இங்கிலாந்தில் இன்னொரு குறியீடு மருத்துவமனையிலிருந்து போன 30 நாளுக்குள் நடக்கும் மரணத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கே இறப்புப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் இணைத்துவிட்டார்கள். இங்கே போன் பண்ணித்தான் கேட்கணும்.

போன் பண்ணிக் கேட்டால் என்ன தெரியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மாரடைப்புக்கான தமிழ்நாடு ஸ்டெமி திட்டம். சின்ன மருத்துவமனைகளைப் பெரிய இருதய மையங்களோடு இணைத்து, ஆம்புலன்ஸிலிருந்தே ஈ.சி.ஜி. அனுப்பி நடத்தியது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முள்ளசாரி முதலானோர் 2017இல் ஜாமா கார்டியாலஜியில் முடிவை வெளியிட்டார்கள். 2,420 நோயாளிகள். மருத்துவமனைக்குள் நடந்த மரணத்தை மட்டும் பார்த்தால் திட்டத்துக்கு முன்னும் பின்னும் வித்தியாசமே இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் 17.6 சதவீதம் 14.2ஆக இறங்கியிருந்தது. வார்டு வாசலோடு கணக்கை மூடியிருந்தால் திட்டம் தோல்வி என்று எழுதியிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இது முன், பின் ஒப்பீடு. காலம் போகப் போக எல்லா இடத்திலும் வைத்தியம் கொஞ்சம் தேறும், அதையும் நம் திட்டத்தின் வெற்றி என்று எண்ணிவிடலாம். கேரளாவில் 63 மருத்துவமனைகளில் 21,374 மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடந்த ஏ.சி.எஸ். க்விக் ஆய்வு, 2018இல் ஜாமாவில் வந்தது, இந்தப் பொறியைத் தாண்ட நன்றாக யோசித்தது. மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் கட்டம் கட்டமாகத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 30 நாளில் மோசமான விளைவுகள் 6.4 சதவீதத்திலிருந்து 5.3க்கு வந்தன. கேட்க நன்றாக இருக்கிறதா? காலப்போக்கையும் மருத்துவமனை வித்தியாசத்தையும் கழித்த பிறகு பார்த்தால் அந்த இறக்கம் திட்டத்தால் வந்தது என்று சொல்ல முடியவில்லை. அதை அப்படியே பிரசுரித்த நேர்மைக்காகவே அந்தக் கட்டுரை எனக்குப் பிடிக்கும்.

இந்த இரண்டும் மாரடைப்பு பற்றியவை என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமான டி.ஏ.இ.ஐ. வந்த பிறகு நம் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பது வந்திருக்கிறது. பெரிய மாற்றம் அது. விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம், குழந்தைகள் அவசரம் என்று அதன் தூண்கள். சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கிறது. நம் எல்லைக்குள் அடிபட்டால் போதும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும். என்.எச். 44இல் ஓடும் லாரிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே அதன் அருமை தெரியும். இதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. ஆனால் அப்பா மாதிரி ஆட்களுக்குத் தூண் ஏது? காய்ச்சல், இழுப்பு, சர்க்கரை ஏறி மயக்கம், கிருமி ரத்தத்தில் பரவினது, வயசானவர் திடீரென்று தடுமாறிப் பேசுவது. அவசரமாக மெடிக்கல் வார்டுக்கு வரும் கூட்டத்தில் இவர்கள்தான் ஏராளம். இவர்களுக்கு ஒற்றைப் பெயர் இல்லை, அதனால் ஒற்றை அளவுகோலும் இல்லை.

பிரிட்டனில் இந்தப் பெயரில்லாத கூட்டத்துக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது, அவசரப் பொது மருத்துவப் பிரிவு. அந்த டாக்டர்களின் சங்கம் 2012 முதல் சாம்பா என்ற கணக்கெடுப்பை நடத்துகிறது. ஜூன் மாசத்தில் ஒரு நாள். அந்த 24 மணி நேரத்தில் வரும் எல்லா நோயாளிக்கும் கேள்வி ரொம்பக் கொஞ்சம். வந்த 30 நிமிடத்துக்குள் எச்சரிக்கை மதிப்பெண் எடுத்தார்களா? 4 மணி நேரத்துக்குள் முடிவெடுக்கத் தகுதியுள்ள டாக்டர் பார்த்தாரா? பகலில் வந்தவரை 6 மணி நேரத்துக்குள், ராத்திரி வந்தவரை 14 மணி நேரத்துக்குள் மூத்த நிபுணர் பார்த்தாரா?

படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்விகள் இறப்பை எண்ணவில்லை, அதனால் ரெஃபர் பண்ணி மறைக்க எதுவுமில்லை. சேர்ந்த நேரமும் பார்த்த நேரமும் போதும். பெங்களூர் போனாலும் ஒடிசா போனாலும், அந்த முதல் சில மணி நேரம் இங்கேதான் நடந்தது. அப்பாவுக்கு இந்தக் கேள்விகளில் எல்லாம் பதில் இருக்கிறது: மூத்த டாக்டர் பார்க்கவில்லை, டூட்டி டாக்டர் 12.20க்குப் பார்த்தார்.

இதிலும் ஓட்டை உண்டு. விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேர்வது, வருஷத்தில் ஒரே நாள், அந்த நாள் தெரிந்தே வருவது. நேர வரம்பு வைத்தால் என்ன ஆகும் என்பதும் அந்த நாட்டிலேயே நடந்த கதை. அவசரப் பிரிவில் 4 மணி நேரத்துக்குள் நோயாளியை அனுப்பணும் என்று இலக்கு வைத்ததும், 4 மணி முடியப்போகும் கடைசி நிமிடங்களில் வெளியேறுவோர் எண்ணிக்கை குபீரென்று ஏறியது. வரைபடத்தில் ஊசி மாதிரி நிற்கும். எஸ்.எல்.ஏ. டிக்கெட்டைக் கடைசி நிமிஷத்தில் "பென்டிங்"க்கு மாற்றும் யாருக்கும் இது புதுசு இல்லை. சாம்பாவில் பரிசும் தண்டனையும் இல்லாததால் அந்த ஊசி அவ்வளவாக வராது என்பது என் ஊகம்.

நம் மாவட்டத்தில் ஒரு நாள் இப்படிச் செய்தால் என்ன? அரசு, தனியார் எல்லாம் சேர்ந்து, பெயர் வெளியிடாமல், ஒரே ஒரு நாள். வந்த நேரம், முதல் அளவு எடுத்த நேரம், டாக்டர் பார்த்த நேரம், ரெஃபர் பண்ணினால் எங்கே, 30 நாள் கழித்து ஒரு போன். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி தெரிந்த நாலு பேர் உட்கார்ந்தால் போனை முடித்துவிடலாம். நம் ஊரில் அப்படிப்பட்ட நாலு பேருக்குப் பஞ்சம் இல்லை.

இதை என் சித்தி மகளிடம் சொன்னேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். சிரித்தாள்.

"அண்ணா, நைட்டுல முப்பது பேஷன்ட்டுக்கு நான் ஒருத்தி. மூச்சை ஒரு நிமிஷம் எண்ணணும்னா அதுக்கே அரை மணி நேரம். நாடிக்கு மிஷின் இருக்கு, பி.பி.க்கு மிஷின் இருக்கு, விரல்ல மாட்டினா ஆக்சிஜன் வந்துடுது. மூச்சுக்கு மட்டும் நான்தான் மிஷின்."

"அதனால இருபதுன்னு எழுதிடுவீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "காலியா விட்டா திட்டுவாங்க அண்ணா. இருபதுன்னு போட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ராத்திரி இருந்த சிஸ்டர் மேலும் இப்போது இல்லை. காலிக் கட்டத்துக்கு அபராதம், பொய்க் கட்டத்துக்கு முழு மதிப்பெண் என்று நாம்தான் விதி எழுதி வைத்திருக்கிறோம். நான் மதிப்பீட்டாளராக இருந்தால் படிவம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க மாட்டேன். அந்தக் கட்டத்தில் எத்தனை வேறுபட்ட எண்கள் இருக்கின்றன என்று பார்ப்பேன். உண்மையில் எண்ணியிருந்தால் 17, 23, 26 எல்லாம் கலந்து வரணும். வார்டு முழுக்க 18, 20, 22 மட்டும் என்றால் அங்கே யாரும் எண்ணவில்லை. இதற்குச் செலவு ஒன்றுமில்லை, பழைய கேஸ் ஷீட்டே போதும். நர்ஸைத் தண்டிக்க அல்ல, அந்த வார்டுக்கு ராத்திரியில் இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்க.

போன மார்ச்சில் அம்மாவுக்குக் காய்ச்சல். பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது வாட்ச்சைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணி, ஓ.பி. சீட்டின் ஓரத்தில் 18 என்று பேனாவில் எழுதி வைத்தேன். உள்ளே சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது யார் எழுதினது?" என்றார்.

"நான்தான் சிஸ்டர். மூச்சு எண்ணினேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அம்மாவிடம், "பேசாம இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து வாட்ச்சை எடுத்து மேசையில் வைத்து, அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நிமிடம் முடிந்ததும் என் 18ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 19 என்று எழுதினார்.